பிடித்துப்போன ஆர்எக்ஸ் 100: காரணம் காணலும் எஞ்சினை மீளமைத்தலும்

1. பொருளும் எல்லையும்

வேலூர் மாநகரின் கிழக்கில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் இருபுறமும் விரிந்த பகுதி சத்துவாச்சாரி. வடக்கே பாலாற்று மணல், தெற்கே பாறைக் குன்றுகள், இடையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் உள்ளன. கிழக்கே மேல்விஷாரம், இராணிப்பேட்டை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. இந்தத் தோல் தொழில் பகுதியின் சாலைகளில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஒரு தலைமுறை முழுவதும் ஓடின. அவற்றுள் இன்றும் தேடி வாங்கி, பிரித்து, மீண்டும் ஓடவைக்கப்படும் வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100.

மண்தடத்துக்கென்றே செய்யப்பட்ட டூ ஸ்ட்ரோக் பைக் இந்தியாவில் பரவலாக விற்கப்பட்டதில்லை. எனவே அலுவலகம் போகும் வண்டியையே நம்மவர்கள் மண்ணில் இறக்கினார்கள். பின் சக்கரப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, சைலன்சரை மாற்றி, முள் டயர் பூட்டி ஓட்டினார்கள். ஆர்எக்ஸ் 100, சுசூகி ஷோகன் போன்றவை மண்தடப் பந்தயங்களுக்கு வந்தது இப்படித்தான். அத்தகைய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்து நின்றுவிட்டால் அதை எப்படி மீளமைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். கியர் பெட்டியும் மின் இணைப்புகளும் இதில் இடம்பெறவில்லை.

கட்டுரையின் வாதம் இது: உடைந்ததை மாற்றுவது பழுதுபார்ப்பு, உடைத்ததைக் கண்டறிந்து நீக்குவதே மீளமைப்பு. பழைய எஞ்சினில் இந்த வேறுபாடு அதன் ஆயுளையே தீர்மானிக்கிறது.

2. வரலாற்றுப் பின்னணி

கிராங்க் கேஸையே காற்றழுத்த அறையாகப் பயன்படுத்தும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை 1891-இல் இங்கிலாந்தின் ஜோசப் டே உருவாக்கினார். புதுக்கலவையைச் சுழற்றி அனுப்பிப் பழைய புகையை வெளியேற்றும் முறையை 1920-களில் ஜெர்மானியப் பொறியாளர் ஷ்னூர்லே வகுத்தார். அம்முறையைக் கையாண்ட டிகேடபிள்யூ ஆர்டி 125-ஐப் பின்பற்றியே யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1 1955-இல் வெளிவந்தது. எண்ணெயைத் தனித் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் செலுத்தும் ஆட்டோலூப் முறையை அந்நிறுவனம் 1964-இல் கொண்டுவந்தது. 1968-இல் வந்த 250 சி.சி. டிடி-1, மலைப்பாதையிலும் மண்தடத்திலும் சாமானியரும் ஓட்டக்கூடிய வண்டியாக உலகெங்கும் புகழ்பெற்றது. ரீட் வால்வு 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்தது.

இந்தியாவில் மைசூரின் ஐடியல் ஜாவா 1960-களிலிருந்து டூ ஸ்ட்ரோக் மரபை வளர்த்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி ஏஎக்ஸ் 100 வந்தது. அடுத்த ஆண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா கூட்டுறவில் ஆர்எக்ஸ் 100-ஐ விற்பனைக்கு விட்டது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சி.சி. கொள்ளளவு, 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். எடை 100 கிலோவை ஒட்டியது. அன்றைய இந்தியச் சாலையில் இந்த எடைக்கு இந்தத் திறன் புதுமை. சத்துவாச்சாரியைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்திலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களே நெடுங்காலம் கோலோச்சின.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. அதன் இளவலான ஆர்எக்ஸ் 135-உம் 2005-இல் முடிந்தது. ஆகவே இன்று பட்டறை மேசையில் இருக்கும் ஒவ்வொரு ஆர்எக்ஸ் 100 பிளாக்கும் குறைந்தது கால் நூற்றாண்டைக் கடந்தது.

3. எஞ்சினின் இயல்பும் அதன் பலவீனமும்

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் அடியில் தேங்கி, பம்பினால் சுற்றி வருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தேக்கம் இல்லை. பெட்ரோலோடு கிராங்க் கேஸுக்குள் நுழையும் எண்ணெய்த் துளிகளே பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்துபோகின்றன. எண்ணெய் வரத்து நின்றால் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதுமில்லை.

7500 சுற்றில் நொடிக்கு 125 முறை எரிதல் நிகழ்கிறது. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஏறத்தாழ 0.04 மி.மீ. தான். 100 டிகிரி சூடேறினால் 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் கலவைப் பிஸ்டன் ஏறக்குறைய 0.10 மி.மீ. விரிகிறது. வார்ப்பிரும்புச் சுவர் அதில் பாதி அளவே விரிகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஈடுகொடுக்கவே பிஸ்டனின் தலைப்பகுதியை அடிப்பகுதியைவிடச் சிறியதாகக் கடைகிறார்கள். வெப்பம் எல்லை மீறும்போது இடைவெளி மறைகிறது, எண்ணெய்ப் படலம் கிழிகிறது, அலுமினியம் சுவரில் ஒட்டுகிறது. எஞ்சின் பிடிப்பது என்பது இதுதான்.

4. பிடிப்பின் வகைகள்

4.1 கலவை மெலிதல். காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்தால் எரிதல் சூடேறும். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முதலில் கீறும். பிளக்கின் பீங்கான் மூக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும்.

4.2 காற்றுக் கசிவு. மேக்னெட்டுப் பக்க ஆயில் சீல் இறுகிப்போய்விட்டாலோ, இன்டேக் ரப்பரில் வெடிப்பு விழுந்தாலோ, பேக்கிங் சரியாக அமராவிட்டாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையை மெலிக்கும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தாமதிப்பது இதன் முன்னறிவிப்பு. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை அடர்த்தியாக வரும். கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போகும்.

4.3 எண்ணெய் வறட்சி. பம்ப் கேபிள் இசைவு தவறுவது, எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி தங்குவது, பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறப்பது ஆகியவை காரணங்கள். கீறல் ஒரு பக்கத்தில் நில்லாமல் பிஸ்டனைச் சுற்றிலும் பரவும். கனெக்டிங் ராடின் பேரிங் நீலம் பாய்ந்திருக்கும்.

4.4 குளிர்ப் பிடிப்பு. எஞ்சின் சூடாகுமுன் முறுக்கினால் பிஸ்டன் விரைவாக விரியும், சுவர் பின்தங்கும். பிஸ்டனில் நான்கு இடங்களில் செங்குத்துக் கோடுகள் விழும்.

4.5 தூசி. பாலாற்றுப் படுகையிலும் மண்தடத்திலும் ஓடும் வண்டிக்கு இதுவே மெல்லக் கொல்லும் காரணம். வடிகட்டியைத் தாண்டிய நுண்மணல் இன்டேக் பக்கப் பிஸ்டன் பாவாடையைப் பளபளப்பில்லாத சாம்பல் நிறமாகத் தேய்க்கும். இங்கே எஞ்சின் ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. இழுவை குறைந்து, பிஸ்டன் ஆடும் ஓசை கூடிக்கொண்டே போகும்.

4.6 முன்னெரிதல். டைமிங் தவறாக முந்தியிருந்தால், அல்லது வெப்ப எண் பொருந்தாத பிளக் பூட்டியிருந்தால் பிஸ்டன் தலையின் நடுவில் ஓட்டை விழும். ஓரங்கள் எறும்பு அரித்ததுபோல் இருக்கும்.

5. பிரிக்கும்போது சான்று சேர்த்தல்

பட்டறையில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு, "போர் போட்டு பிஸ்டன் மாத்திடலாம்ண்ணா" என்பதுதான். பெரும்பாலும் அது தேவையான வேலைதான். ஆனால் அந்தப் பேச்சு வருமுன் சில சான்றுகளைச் சேர்த்தாக வேண்டும். பிளாக் லேத் பட்டறைக்குப் போய்விட்டால் அவை அழிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் நிறத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். பிரிக்கும் முன் காற்றுக் கசிவுச் சோதனை செய்ய வேண்டும் (பிரிவு 8). கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிச் சீசாவில் வடித்தால் தண்ணீரும் துருவும் அடியில் தெரியும். எண்ணெய்ப் பம்ப் குழாயை அதன் முனையில் கழற்றி எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்டையும் பிளாக்கையும் தூக்கிய பிறகு பிஸ்டனைத் துடைக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கலவை மெலிந்து பிடித்த பிஸ்டனைக் கையில் எடுத்தால் சைலன்சர் பக்கத்தில், ரிங் பள்ளத்திலிருந்து பாவாடை வரை, விரல் அகலத்துக்கு அலுமினியம் இழுபட்டு வெள்ளிப் பட்டையாக மின்னும். நகத்தால் தடவினால் மேடு தட்டும். மேல் ரிங் அந்த இடத்தில் பள்ளத்துக்குள் நசுங்கி அசையாமல் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் கடைசலின் பழைய வரிகள் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எரிந்த இந்தப் பிஸ்டன், எண்ணெய் வறட்சி காரணமல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தேட வேண்டியது ஜெட்டிலும் சீலிலும்தான்.

6. அளவெடுத்தல்

6.1 போர். உருளையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று உயரங்களில், பிஸ்டன் பின் திசையிலும் அதற்குச் செங்குத்தாகவும் ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு 0.05 மி.மீ. மேல் இருந்தாலும், வட்டம் 0.01 மி.மீ. மேல் பிறழ்ந்தாலும் போர் போடுவது தவிர்க்க முடியாதது.

6.2 பிஸ்டன். பாவாடையின் அடி விளிம்புக்குச் சற்று மேலே, பின்னுக்குச் செங்குத்தாக மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். போர் அளவிலிருந்து இதைக் கழித்தால் இடைவெளி. அது 0.10 மி.மீ.-ஐத் தொட்டுவிட்டால் பழைய அளவில் தொடர முடியாது.

6.3 ரிங் வாய். ரிங்கைப் போருக்குள் சமமாக அமர்த்தி ஃபீலர் கேஜால் அளந்தால், புது ரிங்குக்குப் பொதுவாக 0.15 முதல் 0.35 மி.மீ. இருக்கும்.

6.4 கிராங்க். கனெக்டிங் ராடின் மேல்முனைப் பக்கவாட்டு ஆட்டம் இவ்வகை யமஹாவில் பொதுவாக 2 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. மேலும் கீழும் இழுத்தால் சிறிதும் ஆட்டம் தட்டுப்படக் கூடாது. கிராங்கை 'வி' தாங்கிகளில் வைத்து டயல் கேஜால் பார்த்தால் கோணல் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என நான்கே படிகளில் கிடைக்கின்றன. 51 மி.மீ. போரில் கொள்ளளவு 102 சி.சி. ஆகிறது. அதற்கு மேல் புது லைனர் அடிப்பதைத் தவிர வழியில்லை. அதாவது ஒரு பிளாக்குக்குப் பிறவி நிலைக்குப் பின் நான்கு வாய்ப்புகளே உண்டு. காரணம் காணாமல் போடும் ஒவ்வொரு போரும் அவற்றில் ஒன்றை வீணாக்குகிறது.

7. மீளமைப்பு

7.1 போரைக் காத்தல். சுவரில் அலுமினியம் ஒட்டியிருப்பது மட்டுமே குறை என்றால் உடனே போர் போட வேண்டியதில்லை. காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும், வார்ப்பிரும்பைத் தொடாது. பஞ்சில் நனைத்து ஒட்டிய இடத்தில் மட்டும் தடவ வேண்டும். பிளாக்கின் அலுமினியப் பகுதிகளில் படக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடவே கூடாது. அதன்பின் லேசாக ஹோன் செய்து அளந்தால், பல பிளாக்குகள் அதே அளவில் புதுப் பிஸ்டனை ஏற்கும்.

7.2 போர் போடுதல். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அந்தப் பிஸ்டனுக்கே போர் போட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி ஏறுமாறாகும். போலி உதிரிகள் மலிந்த சந்தையில் மைக்ரோமீட்டர் ஒன்றே நம்பகமான சாட்சி. கடைசலுக்குப் பின் துளைகளின் விளிம்புகள் கத்திபோல் நிற்கும். அவற்றை அரத்தால் மெல்லச் சாய்க்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பிறகு சோப்பும் வெந்நீரும் கொண்டு, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் படியாமல் போகும் வரை போரைக் கழுவ வேண்டும். ஹோன் துகள் மிஞ்சினால் புதுப் பிஸ்டனுக்கும் பழைய மணல்தான் விதி.

7.3 கிராங்க். ராடு கிட் மாற்றும்போது கிராங்கை அழுத்தியில் பிரித்து, மீண்டும் அழுத்தி, டயல் கேஜ் முன் தட்டி நேராக்க வேண்டும். கண் மதிப்பில் நேராக்கிய கிராங்க் சில நூறு கிலோமீட்டரில் பேரிங்கைத் தின்றுவிடும். கேஸின் இரு பாதிகளைத் திருப்புளி நுழைத்து நெம்பக் கூடாது. சேரும் முகத்தில் விழும் ஒரு கீறலே அடுத்த காற்றுக் கசிவு. கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் புதுப் பேரிங் தானே உட்காரும்.

7.4 பூட்டுதல். இரண்டு ஆயில் சீல்களையும், பழையது நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய்கள் பள்ளத்திலுள்ள ஊசிகளின்மேல் சரியாக அமர வேண்டும். பிஸ்டன் லாக்குகள் புதியவையாக இருக்க வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு வாட்டில், படிப்படியாக இறுக்க வேண்டும்.

8. கசிவுச் சோதனை

நம் பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவதும், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியதுமான வேலை இது. இன்டேக் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் தகட்டால் அடைத்து, உள்ளே சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் ஏற்ற வேண்டும். ஆறு நிமிடம் காத்திருந்து, நிமிடத்துக்கு 1 பவுண்டுக்கு மேல் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவினால் போதும். குமிழி கிளம்பும் இடமே குறையின் இடம்.

இதற்கெனத் தனிக்கருவி தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பந்தும் அளவுமானியுமே போதும். அதன் உச்ச அளவான 300 மி.மீ. பாதரசம் 5.8 பவுண்டுக்குச் சமம். மருத்துவமனைகளால் பெயர்பெற்ற வேலூரில் இக்கருவி கிடைக்காத தெரு இல்லை. பிரிக்கும் முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை எனச் சோதனையை இருமுறை செய்ய வேண்டும். முதலாவது காரணத்தைக் காட்டும்; இரண்டாவது வேலையின் தரத்தைக் காட்டும்.

9. இன்றைய எரிபொருளும் இவ்வூர்த் தட்பவெப்பமும்

ஆர்எக்ஸ் 100-இன் ஜெட்டுகள் எத்தனால் கலக்காத காலத்துப் பெட்ரோலுக்காகத் தேர்ந்தவை. அப்பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 2023-இல் அறிமுகமாகி இப்போது எங்கும் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். ஆகவே ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவை ஏறக்குறைய 8 விழுக்காடு மெலிகிறது. முன்பு சரியாக ஓடிய எஞ்சின் காரணமின்றிப் பிடிப்பதாகத் தோன்றினால் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு எண் ஏற்றி, பிளக் இளம்பழுப்பாக வரும் வரை சரிபார்ப்பதே தீர்வு.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தங்கி, துருவேற்றும். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-வளையங்களும் ஊதும். நீண்ட நாள் ஓட்டாவிட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

கோடை வெயிலே கலவையை மெலிக்கும் என்ற பிழையான எண்ணம் பலரிடம் இருக்கிறது. வேலூர் அக்கினி நட்சத்திர வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது காற்று விரிந்து அதன் அடர்த்தி குறைவதால் கலவை சற்றுச் செறிவடைகிறது. மார்கழிக் காலையில் 20 டிகிரிக் காற்று 6 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியாக இருப்பதால் கலவை மெலிகிறது. மே மாதத்தில் நுணுக்கமாக இசைத்த கார்புரேட்டர் டிசம்பரில் பிஸ்டனைப் பிடிக்க வைக்கலாம். குளிர்காலத்தை மனத்தில் வைத்தே ஜெட் தேர வேண்டும்.

10. பழக்குதல்

முதல் 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலரேட்டர் கூடாது. உயர்கியரில் திணறவிடுவதும் கூடாது. எண்ணெய்ப் பம்பைக் கழற்றிய வண்டியில் லிட்டருக்கு 40 மி.லி. டூ டி ஆயில் கலக்கலாம். ஜாசோ எஃப்சி தரத்துக்குக் குறையாத எண்ணெயாக இருப்பது நல்லது. சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பழக்குவது தவறு. வேகம் ஏறி இறங்கினால்தான் ரிங் சுவரோடு இசையும். முதலில் சில முறை சூடாக்கி முழுதும் ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இறக்கத்திலும் கவனம் வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால், பெட்ரோலோடு எண்ணெயும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவ்வப்போது கிளட்ச் பிடித்து லேசாக முறுக்கி எண்ணெய் ஊட்ட வேண்டும்.

11. முடிவுகள்

ஒன்று, பிடித்த எஞ்சினில் பிஸ்டனே முதல் ஆவணம். அதைப் படிக்காமல் எறிவது நோயைக் கேளாமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும். இரண்டு, காற்றுக் கசிவுச் சோதனையும் ஜெட் திருத்தமும் இன்றி எந்த மீளமைப்பும் முழுமையல்ல. மூன்று, டூ ஸ்ட்ரோக் புகை ஊருக்குக் கேடு என்பது உண்மை. எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி அதன் அமைப்பிலேயே வெளியேறுகிறது. அதனால்தான் இவ்வண்டியைக் காப்பவருக்குப் பொறுப்பு கூடுதல். 2000-க்கு முந்தைய இருசக்கர வண்டிக்கு விதித்த 4.5 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு, 9000 பிபிஎம் ஹைட்ரோகார்பன் என்ற எல்லைக்குள் அதை ஓட்டுவது அவர் கடமை. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்காமல் சாலையில் இறக்குவதும் முறையல்ல.

பழைய எஞ்சின் வைத்திருப்போரிடமும் அதைப் பிரிக்கும் மெக்கானிக்குகளிடமும் வேண்டுவது ஒன்றே. போர் அளவு, பிஸ்டன் அளவு, இடைவெளி, ஜெட் எண், பிடித்ததற்கான காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வண்டியோடு வையுங்கள். காரணம் என்ற இடம் நிரம்பாதவரை பிளாக்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள்.